இயற்கைதானே சார்!

சென்ற ஆண்டு ஒரு காலை வேளை. எங்கள் கல்லூரி இயற்பியல் ஆய்வகத்தில் முதலாண்டு மாணவர்கள் பாரமானியில் அளவு எடுத்துக்கொண்டிருந்தார்கள். ஒரு மாணவன் மட்டும் வலது கையைத் தூக்கவே இல்லை. பாரமானியின் மேல்முனையில் உள்ள திருகை இடது கையால் திருப்ப முயன்று தடுமாறினான்.

"என்னப்பா, கையில் அடியா?" என்றேன்.

முதலில் இல்லை என்றான். மற்றவர்கள் போன பிறகு மெல்லச் சொன்னான். வியர்வை நாற்றம் போவதற்காக, மூன்று நாளாக எலுமிச்சம்பழச் சாற்றில் ஆப்பசோடாவைக் குழைத்து அக்குளில் தேய்த்து வந்திருக்கிறான். தோல் சிவந்து உரிந்துவிட்டது. கையை அசைத்தாலே எரிகிறது.

"இதை யார் சொன்னது?"

"கடையில் விற்கிற டியோடரன்ட் எல்லாம் கெமிக்கல், உடம்புக்குக் கெடுதல் என்றார்கள். அதனால்தான். இது இயற்கைதானே சார்!"

மாணவ நண்பர்களே, 'இயற்கைதானே' என்ற அந்த ஒரு சொல்லைப் பற்றித்தான் இம்மாதம் உங்களோடு பேச விரும்புகிறேன். டியோடரன்ட் வேண்டுமா, அதற்குப் பதிலாக இயற்கைப் பொருள் வேண்டுமா என்று நீங்களும் யோசித்திருப்பீர்கள். என் கருத்தை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். ஒரு பொருள் இயற்கையானதா, செயற்கையானதா என்ற கேள்வி நமக்கு அதிகம் உதவாது. அது என்ன பொருள்? என்ன வேலை செய்கிறது? என் தோல் அதைத் தாங்குமா? இந்த மூன்றும்தான் கேட்க வேண்டிய கேள்விகள்.

வியர்வை எதற்கு?

கிருஷ்ணகிரியிலிருந்து ஓசூருக்குப் பேருந்தில் போயிருக்கிறீர்களா? சூளகிரியைத் தாண்டும்போதே காற்று சற்று மாறிவிட்டது போலத் தோன்றும். அது வெறும் தோற்றமன்று. சுமார் 50 கிலோமீட்டர் தூரத்தில் நாம் ஏறக்குறைய 400 மீட்டர் உயரம் ஏறுகிறோம். உயரம் 1000 மீட்டர் கூடினால் காற்று சராசரியாக 6.5 டிகிரி குளிரும். அந்தக் கணக்கில் ஓசூர் கிருஷ்ணகிரியைவிட இரண்டரை டிகிரி குளிர்ச்சியாக இருக்க வேண்டும்.

ஆனால் அந்தக் குளிர்ச்சி எல்லாருக்கும் கிடைப்பதில்லை. 1970-களில் சிப்காட் தொழிற்பேட்டை வந்தது. 1980-களில் அசோக் லேலண்ட் லாரியும், டிவிஎஸ் மொபெட்டும், டைட்டன் கடிகாரமும் ஓசூரிலிருந்து நாடெங்கும் போயின. அவற்றைச் சுற்றி நூற்றுக்கணக்கான சிறு பட்டறைகள் வளர்ந்தன. எல்லைக்கு அப்பால் கர்நாடகத்தின் அத்திப்பள்ளி, பொம்மசந்திரா வரை அந்தத் தொழில் வரிசை நீள்கிறது. தகரக் கூரையின் கீழ், உலைக்கும் அச்சு எந்திரத்துக்கும் முன்னால் நிற்பவருக்கு ஓசூரின் குளிர்ச்சி எங்கே கிடைக்கும்? அவரைக் காப்பாற்றுவது அவருடைய வியர்வைதான்.

எப்படி என்று கணக்குப் போட்டுப் பார்ப்போம். தோலின் வெப்பநிலையில் ஒரு கிராம் நீர் ஆவியாகச் சுமார் 2400 ஜூல் வெப்பம் வேண்டும். இதைத்தான் ஆவியாதலின் உள்ளுறை வெப்பம் என்று படிக்கிறீர்கள். ஒரு லிட்டர் வியர்வை முழுவதும் ஆவியானால் அது உடலிலிருந்து எடுத்துச் செல்லும் வெப்பம் 24 லட்சம் ஜூல். 60 கிலோ எடையுள்ள ஒருவரின் உடலை ஒரு டிகிரி சூடாக்கச் சுமார் 2 லட்சத்து 10 ஆயிரம் ஜூல் போதும். வகுத்துப் பாருங்கள். 11 டிகிரிக்கு மேல் வருகிறதல்லவா? அந்த வெப்பம் வெளியேறாமல் உள்ளேயே தங்கினால் 37 டிகிரியில் இருக்க வேண்டிய உடல் என்ன ஆகும்? 42 டிகிரியை எட்டினாலே உயிருக்கு ஆபத்து.

ஆகவே வியர்ப்பது நோயும் அன்று, குற்றமும் அன்று. உடல் தன்னைத் தானே குளிரவைத்துக்கொள்ளும் வழி அது.

நாற்றம் எங்கிருந்து வருகிறது?

நம் தோலில் இருவகை வியர்வைச் சுரப்பிகள் உள்ளன. முதல் வகை உடல் முழுவதும் பரவியிருக்கிறது. அவை 20 லட்சம் முதல் 40 லட்சம் வரை இருக்கும். இவை சுரப்பது பெரும்பாலும் நீரும் சிறிது உப்பும். உடலைக் குளிரவைப்பது இவைதாம்.

இரண்டாம் வகை அக்குள் போன்ற சில இடங்களில் மட்டும் உண்டு. பிறந்தது முதல் இருந்தாலும் பருவ வயதில்தான் வேலை செய்யத் தொடங்குகின்றன. 'போன ஆண்டு வரை இல்லாத நாற்றம் இப்போது ஏன்?' என்று நீங்கள் திகைத்திருந்தால், அதற்குக் காரணம் இதுதான். உங்கள் வகுப்பில் எல்லாருக்கும் இது நேர்கிறது. சிலர் முன்னே, சிலர் பின்னே.

இந்தச் சுரப்பிகளிலிருந்து வரும் கெட்டியான சுரப்புக்கும் அப்போது வாசனை ஏதும் இல்லை. அக்குளில் குடியிருக்கும் பாக்டீரியாக்கள் அதிலுள்ள பொருள்களை உண்டு சிதைக்கும்போதுதான் நாற்றம் பிறக்கிறது. 2020-இல் இங்கிலாந்தின் யார்க் பல்கலைக்கழக ஆய்வாளர்கள் ஸ்டெபைலோகாக்கஸ் ஹோமினிஸ் என்ற பாக்டீரியாவில் இந்த வேலையைச் செய்யும் நொதியையே அடையாளம் காட்டினார்கள். அந்த நொதி வெளிவிடுவது கந்தகம் கலந்த ஒரு சேர்மம். வெங்காயத்தின் நெடியிலும் கந்தகச் சேர்மங்களே உள்ளன.

இன்னொரு செய்தி. ஏ.பி.சி.சி.11 என்ற மரபணுவின் ஒருவகை வடிவம் உள்ளவர்களுக்கு அக்குளில் நாற்றம் மிகக் குறைவு. காதுக் குறும்பியும் உலர்ந்தே இருக்கும். குறும்பி ஈரமா உலர்ந்ததா என்பதைத் தீர்மானிப்பது இம்மரபணுதான் என்று 2006-இல் ஜப்பானிய ஆய்வாளர்கள் கண்டறிந்தார்கள். கொரியாவிலும் சீனாவிலும் பெரும்பாலோர் இப்படிப்பட்டவர்கள். ஒருவர் மேல் நாற்றம் அடிப்பதற்கும் அவர் குணத்துக்கும் ஒரு தொடர்பும் இல்லை. மரபணு, பாக்டீரியா, வெப்பம், உடை, குளிக்கக் கிடைக்கும் தண்ணீர், இவ்வளவுதான் விஷயம்.

புட்டிக்குள் இருப்பது என்ன?

கடையில் 'டியோடரன்ட்' என்று நாம் கேட்டு வாங்குவதில் இரண்டு வகை கலந்திருக்கிறது. டியோடரன்ட் என்பது பாக்டீரியாவைக் குறைக்கும், நறுமணத்தால் நாற்றத்தை மறைக்கும். வியர்வையை அது நிறுத்தாது. ஆன்டிபெர்ஸ்பிரன்ட் என்பது வேறு. அதிலுள்ள அலுமினிய உப்பு வியர்வையோடு சேர்ந்து கூழாகி, சுரப்பியின் வாயைச் சில மணி நேரம் அடைக்கும். அக்குளில் மட்டும் பூசினால் உடலின் குளிர்ச்சி கெட்டுவிடாது. ஏனெனில் மொத்த வியர்வையில் அக்குளின் பங்கு மிகச் சிறிது.

இந்த அலுமினியம் மார்பகப் புற்றுநோயை உண்டாக்கும் என்ற பேச்சு பல ஆண்டுகளாக உலவுகிறது. 2002-இல் அமெரிக்காவின் சியாட்டில் நகர ஆய்வாளர்கள், நோயுற்ற 813 பெண்களையும் நோயற்ற 793 பெண்களையும் ஒப்பிட்டுப் பார்த்தார்கள். தொடர்பு ஏதும் தென்படவில்லை. சிறுநீரக நோய் உள்ளவர்கள் மட்டும் மருத்துவரைக் கேட்டுப் பயன்படுத்த வேண்டும் என்று அமெரிக்க மருந்து நிர்வாகம் புட்டியிலேயே எழுத வைத்திருக்கிறது. ஆக, புட்டியைக் கண்டு நடுங்கவும் வேண்டாம், எல்லாருக்கும் பொருந்தும் என்று மயங்கவும் வேண்டாம்.

பீய்ச்சும் குப்பிகளிடம் வேறு ஒரு கவனம் தேவை. முன்பு அவற்றில் குளோரோபுளூரோகார்பன் வாயு அடைத்தார்கள். அது ஓசோன் படலத்தை அரிக்கும் என்று 1974-இல் மொலினாவும் ரோலண்டும் எச்சரித்தார்கள். 1987-இல் மாண்ட்ரியல் ஒப்பந்தம் பிறந்தது. இன்று அந்த இடத்தில் பெரும்பாலும் பியூட்டேன், புரோப்பேன் வாயுக்கள் உள்ளன. இவை சமையல் வாயுவின் உறவினர்கள். அடுப்பருகிலோ, காற்றோட்டமில்லாத சிறு அறையிலோ பீய்ச்சக் கூடாது. வெயிலில் வைக்கவும் கூடாது.

வெட்கத்தை விற்ற கதை

அமெரிக்காவில் சின்சினாட்டி நகரத்து அறுவை மருத்துவர் ஒருவர், அறுவையின்போது தம் கை வியர்க்காமல் இருக்க ஒரு திரவம் செய்து வைத்திருந்தார். அவர் மகள் எட்னா மர்ஃபி, அதை 'ஓடோரோனோ' என்ற பெயரில் அக்குளுக்காக விற்க முனைந்தார். 1912 கோடையில் அட்லாண்டிக் சிட்டி கண்காட்சியில் விற்பனை சூடுபிடித்தது. சில ஆண்டுகளில் அது மந்தமாயிற்று. காரணம் என்ன என்று விளம்பர நிறுவனம் பெண்களிடம் கேட்டுப் பார்த்தது. மூன்றில் இரண்டு பங்கினர், 'எங்களுக்கு அது தேவையே இல்லை' என்றார்கள்.

ஜேம்ஸ் யங் என்ற விளம்பர எழுத்தாளர் 1919-இல் ஒரு பெண்கள் பத்திரிகையில் புதுவிதமாக எழுதினார். 'உன் மேல் நாற்றம் அடிக்கிறது, அது உனக்கே தெரியாது, மற்றவர்கள் முதுகுக்குப் பின்னால் பேசுகிறார்கள்' என்பதுதான் அந்த விளம்பரத்தின் சாரம். சுமார் 200 வாசகர்கள் கோபித்துக்கொண்டு பத்திரிகைச் சந்தாவையே நிறுத்தினார்கள். ஆனால் ஓராண்டுக்குள் விற்பனை இரு மடங்குக்கும் மேல் உயர்ந்தது.

தேவையில்லை என்றவர்களுக்கு முதலில் வெட்கத்தை விற்றார்கள். பிறகு மருந்தை விற்றார்கள். இன்று தொலைக்காட்சியில் வரும் விளம்பரத்தையும் இந்தக் கண்ணோடு பாருங்கள். 'இயற்கை' என்று பச்சை இலை படம் போட்டு விற்பவரும் இதே பாதையில்தான் வருகிறார். வெட்கத்தோடு இப்போது பயத்தையும் சேர்த்து விற்கிறார்.

இயற்கைப் பொருள்களைச் சோதிப்போம்

படிகாரத்தை முதலில் எடுத்துக்கொள்வோம். கலங்கிய தண்ணீரைத் தெளியவைக்கவும், சவரக்கடையில் கீறலில் தடவவும் பயன்படுவது இது. கண்ணேறு படாதிருக்கக் கடை வாசலில் கட்டித் தொங்குவதும் இதுவே. இதையே பளபளப்பான கட்டியாக்கி, 'அலுமினியம் இல்லாத இயற்கை டியோடரன்ட்' என்று விற்பவர்கள் உண்டு. படிகாரத்தின் வேதியியல் பெயரைப் படியுங்கள்: பொட்டாசியம் அலுமினியம் சல்பேட். மூலக்கூறு எடையை வைத்துக் கணக்கிட்டால் 100 கிராம் படிகாரத்தில் 5.7 கிராம் அலுமினியம்! அலுமினியத்துக்குப் பயந்து படிகாரம் வாங்குகிறவரை என்னவென்பது? படிகாரம் பாக்டீரியாவைக் குறைக்கிறது, விலை மலிவு. பெரும்பாலோர் தோலுக்கு ஒத்துப்போகிறது. ஈரத் தோலில் லேசாகத் தடவலாம், புண் மேல் மட்டும் கூடாது. நல்ல பொருள்தான். ஆனால் அதை நல்ல பொருளாக்குவது அந்த அலுமினிய உப்புதான்.

எலுமிச்சைச் சாறு கடும் அமிலம், அதன் பி.எச். மதிப்பு 2-ஐ ஒட்டியது. தோலின் பி.எச். ஏறக்குறைய 5. ஒரு எண் குறைந்தால் அமிலத்தன்மை பத்து மடங்கு கூடும் என்று படித்திருக்கிறீர்கள். மூன்று எண் என்றால் ஆயிரம் மடங்கு! தவிர, எலுமிச்சைத் தோலிலும் சாற்றிலும் உள்ள சில சேர்மங்கள் தோலில் பட்டு, அதன்மேல் வெயிலும் விழுந்தால், தீக்காயம்போலக் கொப்புளம் வரக்கூடும்.

ஆப்பசோடா காரம். அதன் பி.எச். 8-க்கு மேல். நாற்றமுள்ள அமிலங்களை அது செயலிழக்கச் செய்யும் என்பது உண்மை. ஆனால் தோலின் இயல்பான அமிலப் படலத்தையும் கெடுத்துவிடும். தவறுதலாகச் சலவைச் சோடாவை எடுத்துவிட்டால் கேடு இன்னும் பெரிது. எலுமிச்சையும் சோடாவும் சேர்ந்தபோது நுரைத்ததைக் கண்டு, மருந்து வேலை செய்கிறது என்று நம் மாணவன் நினைத்தானாம். அந்த நுரை வெளியேறும் கார்பன் டை ஆக்சைடு, வேறொன்றுமில்லை. மிஞ்சிய அமிலமோ காரமோ தோலில் தங்கித் தன் வேலையைக் காட்டியது.

வெட்டிவேரும் சந்தனமும் இனிய மணம் உள்ளவை. மணத்தால் நாற்றத்தை மறைப்பது அவற்றின் முதல் வேலை. மஞ்சளும் வேப்பிலையும் ஆய்வகக் கண்ணாடித் தட்டில் பாக்டீரியாவைத் தடுக்கின்றன. தட்டில் நடப்பது அக்குளிலும் அதே அளவில் நடக்கும் என்று கொள்ள முடியாது. பாட்டி அரைத்துத் தரும் பச்சைப்பயற்று மாவு அழுக்கையும் எண்ணெயையும் எடுத்துவிடும். இவற்றை விரும்பினால் பயன்படுத்துங்கள். ஆனால் செறிவான வாசனை எண்ணெய்களை நேரடியாகத் தோலில் பூசாதீர்கள். பலருக்கு ஒவ்வாமை வரும்.

டால்கம் பவுடர்? டால்க் பூமியிலிருந்து வெட்டியெடுக்கும் கனிமம், இயற்கையோ இயற்கை! அதைத்தான் 2024-இல் உலக சுகாதார நிறுவனத்தின் புற்றுநோய் ஆய்வு முகமை, 'புற்றுநோய் உண்டாக்க வாய்ப்புள்ளது' என்ற பட்டியலில் சேர்த்தது. இயற்கை என்ற சொல் பாதுகாப்புக்குச் சான்றிதழ் ஆகாது என்பதற்கு இதைவிட என்ன வேண்டும்?

எந்தப் பொருளானாலும், முதலில் முன்கையின் உட்புறத்தில் சிறிது தடவி இரண்டு நாள் பொறுத்துப் பாருங்கள். சிவப்போ அரிப்போ வந்தால் விட்டுவிடுங்கள்.

மிக நல்ல மாற்று எது?

நாற்றத்துக்கு மூன்று பொருள் வேண்டும்: சுரப்பு, பாக்டீரியா, ஈரம். இவற்றுள் எதை அகற்றினாலும் நாற்றம் குறையும். சோப்புப் போட்டு அக்குளைக் கழுவினால் முதல் இரண்டும் குறைகின்றன. நன்றாகத் துவட்டினால் மூன்றாவதும் போகிறது. தண்ணீரும் சோப்பும் துண்டும்தான் என் முதல் பரிந்துரை.

அடுத்தது சட்டை. 2014-இல் பெல்ஜியத்தின் கென்ட் பல்கலைக்கழகத்தில் 26 பேரைக் கடும் உடற்பயிற்சி செய்யவைத்து, அவர்களின் சட்டைகளை ஒரு நாளுக்கு மேல் வைத்திருந்து முகர்ந்து பார்த்தார்கள். பருத்தியைவிடப் பாலியெஸ்டர் சட்டையில் நாற்றம் கூடுதலாக இருந்தது. நாற்றம் தரும் ஒருவகை பாக்டீரியா பாலியெஸ்டரில் செழித்து வளர்ந்திருந்தது. நம் பள்ளிச் சீருடையும் தொழிற்சாலைச் சீருடையும் பெரும்பாலும் எந்தத் துணியால் ஆனவை? பார்த்துக்கொள்ளுங்கள். உள்ளே ஒரு பருத்தி பனியன், தினமும் துவைத்த சட்டை, வெயிலில் உலர்த்தல். வெயிலின் புற ஊதாக் கதிரும் உலர்ச்சியும் பாக்டீரியாவுக்குப் பகை.

இவையெல்லாம் செய்தும் வியர்வை கட்டுக்கடங்காமல் இருந்தால், அல்லது உடல் மணம் திடீரென்று மாறினால், வெட்கப்படாமல் மருத்துவரிடம் போங்கள். அதற்குச் சிகிச்சை உண்டு.

ஒரு தவற்றை ஒப்புக்கொள்கிறேன்

அந்த மாணவன் எலுமிச்சையும் சோடாவும் தேடிப் போனதற்குக் காரணம் நான்தான். அதற்கு ஒரு வாரம் முன்பு அவன் அளவுக் குறிப்பைக் காட்ட என்னருகே வந்து நின்றான். "யாராவது ஜன்னலைத் திறங்கப்பா, மூச்சு முட்டுது" என்றேன். இரண்டு பேர் சிரித்தார்கள். நான் அத்தோடு மறந்துவிட்டேன். அவன் மறக்கவில்லை.

பிறகுதான் எனக்குத் தெரிந்தது. அவன் இரவுப் பணி முடித்து நேரே பேருந்தேறி வகுப்புக்கு வருகிறவன். தங்கியிருக்கும் அறையில் காலையில் ஒரு மணி நேரம்தான் குழாயில் தண்ணீர். அவன் பணி முடிவதற்குள் அது நின்றுவிடும். உள்ளுறை வெப்பத்தை இருபது ஆண்டுகளாகப் பாடம் நடத்துகிறவன் நான். என் முன்னால் நின்ற வியர்வைக்குப் பொருள் எனக்குப் புரியவில்லை. அவனிடம் மன்னிப்புக் கேட்டேன். ஆய்வகத்தின் பின்புறம் தண்ணீர் வரும் ஓர் அறையை வகுப்புக்கு முன் பயன்படுத்திக்கொள்ள ஏற்பாடு செய்தோம். ஒரு சோப்பும் துண்டும் போதுமாயிருந்தன. டியோடரன்டும் தேவைப்படவில்லை, எலுமிச்சையும் தேவைப்படவில்லை.

1948-ஆம் ஆண்டின் தொழிற்சாலைகள் சட்டமே தொழிலாளர் கை கால் முகம் கழுவத் தக்க வசதி இருக்க வேண்டும் என்று 42-ஆவது பிரிவில் கூறியது. அதற்குப் பின் வந்த 2020-ஆம் ஆண்டின் பணிப் பாதுகாப்புத் தொகுப்புச் சட்டமும் கழுவும் வசதியை வலியுறுத்துகிறது. வியர்வை நாற்றத்தைத் தனி மனிதரின் குறையாகப் பேசும்போது, தண்ணீர் கொடுக்க வேண்டியவரின் கடமையை நாம் மறந்துவிடுகிறோம். உங்கள் பள்ளியில் விளையாட்டு வகுப்புக்குப் பின் முகமும் கையும் கழுவக் குழாய் இருக்கிறதா? தண்ணீர் வருகிறதா? மறைவான இடம் மாணவிகளுக்கு உண்டா? இல்லையென்றால் தலைமையாசிரியரிடம் கேளுங்கள். ஒரு புட்டி வாங்குவதைவிட அது பெரிய பரிகாரம்.

முடிப்பதற்கு முன் ஒரு சிறு சோதனை. ஒரே அளவுள்ள இரண்டு வெப்பநிலைமானிகளை எடுத்துக்கொள்ளுங்கள். ஒன்றின் குமிழில் ஈரப் பருத்தித் துணியைச் சுற்றுங்கள். இரண்டையும் மின்விசிறியின் முன் பத்து நிமிடம் வைத்து அளவு குறியுங்கள். ஈரத் துணி சுற்றியது எத்தனை டிகிரி இறங்குகிறது? உங்கள் ஊரில் மழைக்காலத்தில் ஒரு முறையும் வெயில் காலத்தில் ஒரு முறையும் செய்து ஒப்பிடுங்கள். ஏன் மாறுகிறது என்று நீங்களே விடை காணுங்கள்.

அடுத்த முறை பேருந்தில், பணி முடிந்து வரும் ஒருவர் உங்கள் பக்கத்தில் உட்கார்ந்தால், மூக்கைப் பொத்திக்கொள்ளாதீர்கள். அந்த வெப்பநிலைமானி இறங்கியதை நினைத்துக்கொள்ளுங்கள். ஜன்னலைத் திறந்து வைத்து, தள்ளி உட்கார்ந்து இடம் கொடுங்கள்.